காலண்டர் துணியில் சலித்த தீனி

"தீனி சலிக்கிற வெளிநாட்டு வலை இல்லாம கோமாளி மீன் குஞ்சைக் காப்பாத்த முடியாது அண்ணாச்சி" என்றார் மதுரை மீன் கடைக்காரர். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சிவகாசியில், மெஷ் என்கிற சல்லடைத் துணி வழியாக மையைத் தள்ளி அச்சடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை நடத்துகிறவனிடம் வலையைப் பற்றிப் பேசுவதா?

நான் வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் இந்தக் கடல் மீனின் குஞ்சுகள் முதல் பத்து நாள், உயிரோடு நீந்தும் நுண்ணுயிர்களைத்தான் தின்னும். இது தெரியாமல் மஞ்சள்கருவைக் கரைத்து ஊற்றி, தண்ணீரை நாறடித்து, முதல் ஈற்றுக் குஞ்சுகளைக் கொன்றவன் நான்தான். மறுமுறை தூத்துக்குடி லாரியில் வந்த கடல்தண்ணீரில், பேக்கரி ஈஸ்டை இரையாகப் போட்டு அந்த நுண்ணுயிர்களை வளர்த்தேன். அச்சுச் சட்டத்துக்கு வெட்டியதில் மிஞ்சிய மெஷ் துணியை ஒரு குழாயின் வாயில் இறுக்கிக் கட்டினேன். ஈஸ்ட் கலங்கிய தண்ணீர் இறங்கிப்போக, நுண்ணுயிர்த் தீனி மட்டும் துணிமேல் தங்கியது.

அடுத்த மாதம், பிழைத்து வளர்ந்து வெள்ளைப் பட்டை விழுந்த குஞ்சுகளோடு, அந்தக் குழாயையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் என் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த வலை எந்த நாட்டுச் சரக்கு அண்ணாச்சி?"

"முருகன் காலண்டர்ல வேலுக்குத் தங்கக் கலர் அடிக்க வெட்டுனதுல மிஞ்சுன துணி" என்றேன். "உங்க தலைக்கு மேல தொங்குதுல்ல, அந்தக் காலண்டர்தான்."