பெரியம்மா ஏறாத தராசு

கனடாவில் நெடுங்காலம் இருந்த பெரியப்பா, யுத்தம் முடிந்தபின் திருகோணமலைக்குத் திரும்பி வந்து நிலாவெளியில் ஒரு ஹோட்டல் கட்டினார். பெரியம்மாவைக் கலியாணம் முடித்தார். பிறகு நான்கு பேர் இருக்கக்கூடிய பழைய விமானம் ஒன்றையும் வாங்கினார். மூன்றில் எதன்மேல் அவருக்கு ஆசை அதிகம் என்று சொந்தக்காரர்களிடையே ஒரு கதை இருந்தது. விமானத்தைச் சீனக்குடா விமானத்தளத்தில் நிறுத்த அனுமதி எடுப்பதற்குள்ளேயே அவருடைய மீசை நரைத்துவிட்டது. ஓட்டுவதற்கு லைசென்ஸ் வைத்திருந்தார். கடதாசி வேலைக்குத்தான் பொறுமை இல்லை. அது என் அம்மாவிடம் வந்து சேர்ந்தது.

அம்மா பெரியம்மாவின் தங்கை. ஹோட்டல் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். பதிவுச் சான்றிதழ், காப்புறுதி, ரேடியோ அனுமதி, என்ஜினுக்கு ஒரு புத்தகம், உடம்புக்கு ஒரு புத்தகம் என்று ஓர் அலுமாரித் தட்டு முழுவதும் விமானத்துக்கே போயிற்று. எனக்குத் தடுப்பூசி போட்ட அட்டையைத் தேட அம்மாவுக்கு அரை நாள் வேண்டும். விமானத்துக்கு எண்ணெய் மாற்றிய நாளைக் கேட்டால் அடுப்படியில் நின்றபடியே சொல்லுவார்.

பெரியம்மா மட்டும் அதில் ஒரு தடவையும் ஏறியதில்லை. பெரியப்பா கூப்பிடும்போதெல்லாம் ஏதாவது குறுக்கே வரும். ஒரு முறை பெரியம்மாவுக்கு விரதம். ஒரு முறை மாரி மழை. மற்றெல்லா முறையும் ஏதோ ஒரு கடதாசி புதுப்பிக்கப்படாமல் இருக்கும். அப்போது எனக்கு ஒன்பது வயது. பெரியம்மாவுக்கு அதிர்ஷ்டம் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் வருடாந்தப் பரிசோதனைக்குக் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். டோர்ச் அடித்து விமானத்தின் வயிற்றுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். ஓர் ஆசனப் பட்டியின் தையல் விட்டிருப்பதைக் கண்டுபிடித்தார். புதுப் பட்டி போட்டதும் சான்றிதழ் கிடைத்தது. ஒரு குறையும் இல்லை. பெரியப்பா உடனே அறிவித்துவிட்டார்: ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா முன் ஆசனத்தில், அம்மாவும் நானும் பின்னால். பெரியம்மா சரி என்று தலையாட்டினார்.

ஞாயிறு காலை நாங்கள் ஹோட்டலிலிருந்து புறப்பட நின்றபோது அம்மா ஒரு தாளுடன் வந்தார். விமானத்தில் ஏறுகிற ஒவ்வொருவரின் நிறையையும் அதில் எழுத வேண்டுமாம். குசினி வாசலில் மீன் நிறுக்கும் பெரிய தராசு இருந்தது. முதலில் நான் ஏறினேன். பிறகு அம்மா. பெரியப்பா சப்பாத்துக் காலோடு ஏறினார். சமையல்காரர்கள் கரண்டியை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பெரியம்மா சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றார்.

“இவவுக்கு அறுபது கிலோ எண்டு போடுங்கோ,” என்றார் பெரியப்பா சிரித்துக்கொண்டு.

“ஏலாது அத்தான். கண்ணால காணாத ஒண்டையும் நான் எழுதமாட்டன்.”

“மீன் நிறுக்கிற தராசில என்னை ஏறச் சொல்லுறியோ?” என்று பெரியம்மா கேட்டார்.

“ஓம் அக்கா. ஏறாட்டி உங்களை விமானத்தில ஏத்த ஏலாது.”

பெரியம்மா அம்மாவை ஒரு கணம் பார்த்தார். “அப்ப நான் வரேல்லை. நீங்கள் போயிட்டு வாங்கோ,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவரைச் சமாதானப்படுத்தவென்று அம்மாவும் பின்னாலே போய்விட்டார். சீனக்குடா போகும் வழியெல்லாம், உன்ர அம்மாவுக்குக் கடதாசிதான் பெரிசு என்று பெரியப்பா முணுமுணுத்தார். எனக்கும் அம்மாமேல் கோபம்தான். ஆனால் முன் ஆசனம் எனக்குக் கிடைத்துவிட்டதால் அது நெடுநேரம் நிற்கவில்லை.

மேலேயிருந்து பார்த்தபோது துறைமுகம் காடுகளுக்குள் வளைந்து வளைந்து போயிற்று. கிண்ணியாப் பாலம் குச்சி போலக் கிடந்தது. பெரியப்பா ஹோட்டலுக்கு மேலே தாழப் பறந்து வட்டமடித்தார். நான் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக் கை காட்டினேன். சமையல்காரர்கள் முற்றத்தில் நின்று துவாயை வீசினார்கள். அம்மாவையும் பெரியம்மாவையும் காணவில்லை.

திரும்பி வந்து தேடியபோது இருவரும் குசினிக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே நிலத்தில் இருந்தார்கள். பெரியம்மாவின் கை அம்மாவின் கையைப் பிடித்திருந்தது. சண்டையைப் பார்க்கப் போன எனக்கு ஏமாற்றம். பெரியம்மாவின் முகத்தில் கோபமே இல்லை. காய்ச்சல் விட்டவர் முகம்போல வெளிறி, தெளிந்திருந்தது. எழுந்து வந்து பெரியப்பாவின் சட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எல்லாரும் சாப்பிட வாங்கோ என்றார்.

இருவரும் இலங்கைத்துறை என்ற ஊரில் சிறுமிகளாக இருந்த யுத்த காலத்தில், குண்டு போட வரும் விமானச் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்கு ஓடுவார்களாம். தங்கையைக் கீழே படுக்கவைத்து அக்கா மேலே கவிழ்ந்து மூடிக்கொள்வாராம். நான் வளர்ந்து வேலைக்குப் போன பிறகு, வேறு ஏதோ கதையினிடையே அம்மா இதைச் சொன்னார். அந்தக் காலத்தில் பெரியப்பா வெளிநாட்டில் இருந்தார். விமானத்தைக் கண்டால் குழந்தைபோல மலர்கிற மனிதரிடம் அதைச் சொல்லப் பெரியம்மாவுக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு முறையும் அம்மாவிடம் ஏதோ ஒரு கடதாசி குறைந்துகொண்டிருந்ததும், அன்று தராசு வந்ததும் அதனால்தான்.

அன்று எனக்கு விளங்கியது வேறு. பெரியம்மாவைப்போலப் பருத்தால் விமானத்தில் ஏற்றமாட்டார்கள் என்று பயந்து, மத்தியானம் சோற்றில் பாதியைச் சாப்பாட்டுக் கோப்பையின் ஓரமாக ஒதுக்கிவைத்தேன். பெரியம்மா இரண்டாம் தரமும் சோறு போட்டு, மீன் குழம்பை நிறைய விட்டுப் பிசைந்து, ஆறுதலாகச் சாப்பிட்டார்.