உருட்டாமல் கிடந்த மோட்டார்

எங்கள் பிரிவில் அவரை எல்லாரும் மூலையக்கா என்போம். ராக்கெட் மோட்டாரின் உள்வடிவத்தைக் கணினியில் வடித்தெடுப்பது அவர் வேலை. சோதனை மேடையில் அழுத்தமானிகளைக் கட்டி மேய்ப்பது என் வேலை.

எங்கள் மோட்டாரின் எரிபொருள் இறுகிய ரப்பர் மாதிரி இருக்கும். எஃகு உறைக்குள் அதை வார்க்கும்போது நடுவில் நட்சத்திர வடிவில் ஒரு துளை விடுவார்கள். தீ அந்தத் துளையில் தொடங்கி வெளிப்பக்கமாகத் தின்றுகொண்டே போகும். நட்சத்திரத்தின் மூலை கூராக இருந்தால் அங்கே விரிசல் விடும். விரிசலுக்குள் தீ புகுந்தால் அழுத்தம் எகிறி உறை வெடித்துவிடும். எடையைக் குறைக்கச் சொன்னால் கணினி ஆயிரம் வடிவங்களை அலசிவிட்டு, கூரான மூலை உள்ளதைத்தான் வெட்கமில்லாமல் முதல் பரிசுக்கு நிறுத்தும். அக்கா அதன் தலையில் குட்டி மூலையை மழுக்குவார். வீட்டிலும் சும்மா இருப்பதில்லை. சாப்பாட்டு மேசையின் நாலு மூலையையும் அரம் போட்டுத் தேய்த்துவிட்டதாக, பேருந்து ஓட்டுநரான அவர் கணவர் என்னிடம் குறைபட்டிருக்கிறார்.

போன வருஷம் ஒரு மோட்டார் வெடித்தது. மேடையில் பாதி போயிற்று. அது அக்கா வந்து சேர்வதற்கு முன்பு வேறு யாரோ வரைந்த வடிவம். இன்னொன்று வெடித்தால் பிரிவையே மூடிவிட்டு ஆளுக்கொரு ஊருக்கு மாற்றிவிடுவோம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. அக்காவின் வடிவத்தில் வார்த்த மோட்டார், மேடை சீராகும்வரை கிடங்கில் படுத்துக் கிடந்தது.

சோதனைக்கு முந்தைய வாரம் கிடங்குக்காரர் எங்கள் அறைக்குத் தேநீர் குடிக்க வந்தார். அக்கா பேச்சுவாக்கில் கேட்டார்.

"அண்ணே, மோட்டாரை அப்பப்ப உருட்டி வைக்கிறீங்கல்ல?"

"எதுக்கும்மா உருட்டணும்? வச்ச இடத்துல பத்திரமா இருக்கு. ஒரு தூசி கிடையாது."

அக்காவின் முகம் வெளுத்துப்போனது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மனிதரை அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் உருட்டும்படி அவரிடம் யாருமே சொல்லவில்லை. யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நாங்கள் எல்லாரும் இருந்துவிட்டோம். கூட்டமாக வேலை செய்கிற இடத்தில் இது தீராத வியாதி.

இப்படிப்பட்ட எரிபொருள் மாதக்கணக்கில் ஒரே பக்கமாகக் கிடந்தால் தன் எடையிலேயே கீழே தொய்யும், நட்சத்திரம் கோணிக்கொள்ளும். அக்கா கணக்குப் போட்டிருந்ததோ நட்சத்திரத்தில் பத்தில் ஒரு துண்டுக்குத்தான். ஐந்து முனைகளும் ஒன்றுபோல, ஒவ்வொன்றின் இரு பாதியும் ஒன்றுபோல இருப்பதால் ஒரு துண்டைப் பார்த்தால் போதும் என்பது எங்கள் தொழில் வழக்கம். கோணிய நட்சத்திரத்திடம் அந்த வழக்கம் பலிக்காது.

முழு நட்சத்திரத்துக்கும் அக்கா புதிதாகக் கணக்குப் போட உட்கார்ந்தார். கணினி நாள்கணக்கில் முனகியது. மோட்டாரை எடுத்துப் பார்த்த எக்ஸ்ரேயில் விரிசல் எதுவும் தெரியவில்லை என்றாலும், நூலளவு விரிசல் அதில் தெரியவே தெரியாது. பிரிவுத் தலைவர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"சொல்லும்மா. நிறுத்திடவா?"

"மயிரிழையிலதான் சார் தாங்குது. ஆனா தாங்கும். மூலையை நான் தாராளமாவே மழுக்கியிருக்கேன். கொளுத்துங்க."

வெளியே வந்ததும் கணக்குத் தாள்களை எடுத்து இன்னொரு தடவை முதலிலிருந்து பார்த்தார்.

சோதனை நாளில் அவர் கணித்த அழுத்தம் கட்டுப்பாட்டு அறைத் திரையில் நீலக் கோடாக இருந்தது. தீ மூட்டியதும் உண்மையான அழுத்தம் சிவப்புக் கோடாக விர்ரென்று ஏறி நீலத்தைத் தொட்டது. தொட்டதோடு நிற்காமல் தாண்டியது. அக்கா என் முழங்கையைப் பிடித்தார். சிவப்பு அங்கேயே கொஞ்சம் தயங்கியது, மெல்லக் கீழே வந்தது, நீலத்தோடு சேர்ந்துகொண்டது. பிறகு கடைசிவரை இரண்டும் சேர்ந்தே போயின, சேர்ந்தே இறங்கின. வெளியே உறுமல் அடங்கியது. உறை முழுசாக நின்றது.

யாரும் கைதட்டவில்லை. எல்லாரும் மூச்சு விட்டதுதான் கேட்டது. அக்கா கணவருக்குப் போன் போட்டார்.

"வெடிக்கலைங்க. பெட்டி கட்ட வேணாம்."

அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னாரோ, அக்கா அழுதுகொண்டே சிரித்தார். பிறகு சுவரோர பெஞ்சில் ஒருக்களித்துப் படுத்தவர் அப்படியே தூங்கிப்போனார்.

அளவுகளைச் சேமித்து, மேடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு நாங்கள் திரும்பியபோதும் அதே பக்கமாகத்தான் கிடந்தார். அந்த வாரம் முழுக்க யார் முகத்தையும் பார்க்காமல் நடமாடிய கிடங்குக்காரர் வாசலில் வந்து நின்றார். அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ரொம்ப நேரமா ஒரே பக்கமா கிடக்குறாங்க தம்பி" என்றார் மெதுவாக. "மறுபக்கம் திரும்பிப் படுக்கச் சொல்லுங்க. அப்புறம் யாருமே சொல்லலைன்னு ஆகிடக் கூடாது."

பெஞ்சு குலுங்கியது. கண்ணைத் திறக்காமலே அக்கா சிரித்துக்கொண்டிருந்தார்.