மடுவில் மிதந்த அம்மா

எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் ஒரே நாளில் விடுமுறை வருவது அபூர்வம். அப்பாவுக்குக் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் ஷிப்டு வேலை. அம்மா பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றபடியே வேலை பார்ப்பவள். என் ஞாயிற்றுக்கிழமைகளை டியூஷன் தின்றுவிடும். நான் ஐந்தாவது படித்தபோது ஒரு ஞாயிறு எப்படியோ எல்லாம் கூடிவந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, இரண்டு பைக்குகளில் எங்களைக் கிளப்பிவிட்டார். ஆந்திர எல்லை தாண்டி, காட்டுக்குள் இருக்கும் அருவிக்குப் பயணம்.

அரை மணி நேரம் நடந்தால் போதும் என்றார் மாமா. இரண்டு மணி நேரம் நடந்தும் அருவி வரவில்லை. அப்பா கம்பெனி கொடுத்த சேஃப்டி ஷூவோடு பாறைக்குப் பாறை வழுக்கினார். அம்மா மட்டும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் போனாள். கடைசியில் ஒரு மடுவின் கரையிலேயே உட்கார்ந்து எலுமிச்சை சாதத்தைப் பிரித்தோம்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போன அம்மா திரும்பி வரவில்லை. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். இடுப்பளவு போனாள், கழுத்தளவு போனாள், பிறகு கை வீசி நீந்தத் தொடங்கினாள்.

அப்பாவின் கையில் சோறு அப்படியே நின்றது. "இன்னா மாப்ள, உங்கக்காவுக்கு நீச்சல் தெரியுமா?"

"பொதட்டூர்பேட்டைல எங்க ஊட்டாண்ட கெணறு மாமா. ஆம்பள பசங்களே பயப்படுற எடத்துலேருந்து குதிக்கும்."

"பதினோரு வருஷமாச்சு. எங்கிட்ட சொன்னதே இல்ல."

"நீ கேட்டியா?"

அம்மா நடு மடுவில் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தாள். காதுகள் நீருக்குள் இருந்தன. கண்கள் மூடியிருந்தன. அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எங்களையெல்லாம் மறந்துவிட்ட முகம். கூப்பிட்டேன். அசையவில்லை. பயந்துபோய்க் காடே கேட்கும்படி அலறி அழுதேன்.

நாலே வீச்சில் கரைக்கு வந்துவிட்டாள்.

"இன்னாத்துக்குடி அழுவுற? இங்கதான கீறேன்."

"இனிமே தண்ணிக்குள்ள போவக் கூடாது. சத்தியம் பண்ணு."

அம்மா மடுவை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஈரக் கையை என் தலையில் வைத்து, "போவல," என்றாள்.

அதன்பின் அவள் எந்தத் தண்ணீரிலும் இறங்கவில்லை. மாமா மறுபடி இரண்டு முறை அழைத்துப் போனபோதும் கரையில் உட்கார்ந்து எங்களுக்கு வெள்ளரிக்காய் நறுக்கித் தந்தாள். இப்போது நானும் ஷிப்டுக்குப் போகிறேன். யாரும் கூப்பிடாத பத்து நிமிஷத்துக்காக நாள் முழுக்க ஏங்குகிறேன். போன மாதம், அந்த மடுவுக்குப் போகலாம், நீ நீந்தலாம் என்று சொன்னேன். முட்டி வலிக்கிறது, நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்றாள். சத்தியத்தை விட்டுவிடும்மா என்றேன். எந்தச் சத்தியம் என்று கேட்டுவிட்டுக் குக்கரை இறக்கப் போய்விட்டாள்.

ஐந்தாவது படித்த அந்த ஞாயிறு, வீடு திரும்பும்வரை அவள் சுண்டுவிரலை நான் விடவேயில்லை. மறுநாள் வகுப்பில் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன்: எங்கம்மா தண்ணீரோடு போய்விடப் பார்த்தாள், நான்தான் காப்பாற்றினேன் என்று.