படத்தில் இல்லாத கல்

நாலு வருடங்களுக்கு முன், ஒரு வைகாசி மாதம், திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளிக் கடற்கரையில் நடந்தது இது.

அப்போதுதான் எங்கள் கரை மாறத் தொடங்கியிருந்தது. தாழம்பற்றையாகக் கிடந்த இடங்களில் விருந்தினர் விடுதிகள் எழும்பின. முதுகு சிவந்த வெள்ளைக்காரர்கள் வாடகைச் சைக்கிளில் அடுத்த ஊரான இறக்கக்கண்டி வரைக்கும் ஓடித் திரிந்தார்கள். தேத்தண்ணிக் கடைக்காரர் ரொட்டிக்குள் வாழைப்பழத்தை வைத்துச் சுருட்டி விற்கப் பழகிவிட்டார். தென்மேற்கே இருந்து சோளகக் காற்று வீசுகிற காலத்தில் எங்கள் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். அது தெரியாமல் ஒருவர் அலையில் சறுக்குகிற நீளப் பலகையைக் கடல் கடந்து சுமந்து வந்து, மூன்று கிழமையாக, இருபத்தொரு நாள், அலைக்குக் காத்திருந்தார். ஊரில் அவருக்குப் 'பலகைத் துரை' என்று பெயர். அவருக்கும் அது தெரியும். கூப்பிட்டால் சிரித்துக்கொண்டு கையைக் காட்டுவார்.

நான் அப்படி ஒரு விடுதியில் கிளாக்கராகச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்பு வரை பார்த்தவன் நான் ஒருவன்தான். அப்பா இல்லாத வீட்டில் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், கரைவலை இழுத்து என்னைப் படிப்பித்தார். பத்து வயதிலேயே பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டதால், வலை வேலை எனக்குப் பார்த்த பழக்கமே தவிர செய்த பழக்கம் இல்லை.

கரைவலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வலையைத் தோணியில் கொண்டுபோய் அரை வட்டமாகக் கடலில் விடுவார்கள். அதன் இரண்டு கயிறுகளும் கரையில் இருக்கும். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று, அம்பா என்கிற இழுவைப் பாட்டைப் பாடிக்கொண்டு, வலையைக் கரைக்கு இழுப்பார்கள். இதில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. கயிற்றில் கை வைத்தவன் யாராக இருந்தாலும், வழிப்போக்கனே ஆனாலும், அவனுக்கு அன்றைக்குக் கறிக்கு மீன் கொடுக்காமல் அனுப்பக் கூடாது.

எங்கள் விடுதிக்கு நேர் முன்னால்தான் அத்தான் ஆட்களுடைய வலை காலங்காலமாகக் கரைக்கு வருகிற இடம். விருந்தினர் வெயில் காயப் படுக்கிற மணலுக்குக் குறுக்கே அந்தக் கயிறு ஓடும். மீன் மணம் பொறுக்க ஏலாது என்று கொழுத்த அம்மா ஒருவர் காலையும் மாலையும் என் மேசைக்கு வந்து முறையிடுவார். அடுத்த கிழமை ஒரு பெரிய கூட்டம் வர இருந்தது. அதற்கு முன் வலையை வடக்கே தள்ளி வளைக்கச் சொல்லி நீ ஒழுங்கு செய்தால் உன் வேலை நிரந்தரம் என்று மனேஜர் சொன்னார். செய்யாவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. எனக்குச் சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

நான் செய்த முதல் வேலையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஒரு கடிதம் எழுதினேன். 'மதிப்புக்குரிய கரைவலைத் தொழிலாளர் அவர்கட்கு' என்று தொடங்கி, சுற்றுலாத் தொழிலின் வளர்ச்சியைப் பற்றி இரண்டு பக்கம். அதை மடித்து உறையில் போட்டுக் கரைக்குக் கொண்டுபோய்க் கொடுத்த பிறகுதான் உறைத்தது, அங்கே நின்ற பதினெட்டுப் பேரில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது என்று. அத்தான் உறையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார். என் கடிதத்தை நானே, சப்பாத்துக்குள் மணல் நிறைய, உரத்து வாசித்தேன். எல்லோரும் வலையைக் கீழே வைத்துவிட்டு மரியாதையாகக் கேட்டார்கள்.

"வடிவா எழுதியிருக்கிறீர், கிளாக்கர்," என்றார் அத்தான். "மீனுக்கும் ஒண்டு எழுதிப் போடும், அங்கால போய் நிக்கச் சொல்லி."

சிரிப்பு அடங்கிய பிறகு அவர் விஷயத்துக்கு வந்தார். வடக்குப் பக்கம் தண்ணீருக்குக் கீழே கல் கிடப்பதாகத் தன் அப்பர் சொல்லியிருக்கிறார், அங்கே யாரும் வலை வளைத்ததில்லை என்றார். எங்கள் விடுதியின் சாப்பாட்டு அறையில், வெள்ளைக்காரர் காலத்துக் கடற்படைப் படம் ஒன்று கண்ணாடி போட்டுத் தொங்கியது. கடலின் ஆழமெல்லாம் இலக்கத்தில் போட்ட படம். நான் ஓடிப்போய் அதைப் பார்த்துவிட்டு வந்தேன். அந்த இடத்தில் கல் என்று ஒரு குறியும் இல்லை.

அத்தான் வடக்குப் பக்கக் கடலைப் பார்த்தார். பிறகு, "கல்லு இருக்கெண்டு அப்பர் சொன்னவர். இல்லையெண்டு படம் சொல்லுது. படிச்சவன் நீ, நீ என்ன சொல்றாய் மச்சான்?" என்று கேட்டார்.

"இல்லை," என்றேன் நான்.

அவ்வளவுதான். ஒருவரும் மறுத்துக் கதைக்கவில்லை. படிச்ச பொடியன் சொல்லிப்போட்டான் என்று விட்டுவிட்டார்கள். அது இருந்த ஒரே வலை. பதினெட்டு வீட்டு அடுப்பும் அந்த வலையில்தான் எரிந்தது. அதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. மனேஜரிடம் போய்க் காரியம் முடிந்தது என்று சொல்லி, அன்றைக்கு இரண்டு கோப்பைத் தேநீர் குடித்தேன்.

அடுத்த நாட் காலை விடுதி விறாந்தையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வலை வடக்கே போயிருந்தது. முன் மணல் துப்புரவாகக் கிடந்தது. அம்பா தூரத்தில் கேட்டது. நடுவில் திடீரென்று பாட்டு நின்றது. தெற்குக் கயிறு அசைந்தது. வடக்குக் கயிறு கம்பி மாதிரி விறைத்து நின்றது. வலை எதிலோ மாட்டிவிட்டது. சப்பாத்தை எங்கே கழற்றினேன் என்று தெரியாது, ஓடினேன்.

அத்தான் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாக இருந்திருக்கும். கயிற்றைப் பிடித்தபடி, "விடாதேங்கோ, இழுக்கவும் வேண்டாம். இழுத்தால் கிழியும்," என்று ஆட்களிடம் மட்டும் சொன்னார். தோணி மறு பக்கத்தில் நின்றது. அது சுற்றி வர நேரமாகும். அதற்குள் வலை கல்லில் உராய்ந்துகொண்டே இருக்கும்.

அந்த நேரம் பின்னால் யாரோ என் தோளைத் தட்டினார். பலகைத் துரை. கையில் பலகை, நெற்றியில் முக்குளிக்கிற கண்ணாடி. நான் தெரிந்த ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல, அவர் முழுவதும் கேட்காமலே பலகையைத் தண்ணீரில் போட்டு, முன்னால் ஏறு என்று கையைக் காட்டினார். வேலைக்குப் போட்டிருந்த வெள்ளைச் சேட்டோடு நான் குப்புறப் படுத்தேன். அவர் எனக்குப் பின்னால் படுத்துக் கையால் துழாவினார். அவ்வளவு பெரிய பலகை அலையே இல்லாத கடலில் முதன்முதலாக ஒரு வேலைக்குப் போனது.

கல் இருந்தது. ஒரு எருமை படுத்திருந்த மாதிரி, கறுப்பாக, பாசி பிடித்து. வலை அதன் கொம்பு போன்ற ஒரு நுனியில் மாட்டியிருந்தது. இரண்டு ஆள் ஆழம்தான். ஒரே கண்ணாடியை மாறி மாறிப் போட்டுக்கொண்டு முக்குளித்தோம். அவர் தூக்கிப் பிடிப்பார், நான் கண்ணி கண்ணியாகக் கழற்றுவேன். பிறகு நான் பிடிப்பேன். எத்தனை தரம் போய் வந்தோம் என்று தெரியாது. கடைசியில் அது விட்டது. ஒரு ஆள் நுழையக் கூடிய கிழிசல், அதோடு தப்பியது. நான் தலையைத் தூக்கிக் கையை ஆட்டினேன். கரையில் அம்பா திரும்பவும் கிளம்பியது.

ஆனால் இனி வேகமாக இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் மீன் முழுவதும் அந்த ஓட்டையால் போய்விடும். பலகையில் திரும்பி வந்து பார்க்கிறேன், கயிற்றில் ஆட்கள் இரட்டிப்பாகியிருந்தார்கள். விடுதி விருந்தினர் அத்தனை பேரும் கயிற்றில் நின்றார்கள். முன்வரிசையில், காலை மண்ணில் ஊன்றி, மீன் மணத்துக்கு முறையிட்ட அந்தக் கொழுத்த அம்மா. அத்தான் அடி எடுத்துப் பாட, அவர்கள் வாய்க்கு வந்த சத்தத்தில் பின்பாட்டுப் பாடினார்கள். அந்த மாதிரி ஒரு அம்பாவை எங்கள் கரை அதற்கு முன் கேட்டிருக்காது. இழுப்பவர்களுக்குச் சிரிப்பில் கை வழுக்கியது. விறாந்தையிலிருந்து ஓடி வந்த மனேஜர் முதலில் என்னைத் தேடினார், பிறகு கயிற்றைப் பார்த்தார், பிறகு காற்சட்டையை மடித்துவிட்டுக் கடைசி ஆளாக நின்றுகொண்டார்.

பாதி மீன் போய்விட்டது. மிச்சத்தில் வழக்கப்படி பங்கு நடந்தது. கயிற்றில் கை வைத்த ஒவ்வொருவருக்கும் கறி மீன். அந்த அம்மா தன் தொப்பியில் ஐந்து சூடை மீனை வாங்கி, குழந்தையை வைத்திருப்பது போல் வைத்திருந்தார். பலகைத் துரைக்கு ஒரு பாரை. மனேஜருக்கும் இரண்டு நெத்தலியாவது கிடைத்தது. நான் மட்டும் நனைந்த சேட்டோடு தள்ளி நின்றேன். பங்கு கேட்க எனக்கு முகம் இல்லை.

அத்தான் ஒரு பாரையைச் செவுளில் பிடித்துத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "கயிறு இழுத்தவனுக்குத்தான் கறி. நீ கல்லெல்லோ இழுத்தனீ," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மீனை என் கையில் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "போய் அந்தப் படத்தில கல்லைக் கீறி விடு மச்சான். இனி வாறவன் உன்னை மாதிரி ஏமாறக் கூடாது."

மனேஜரே படத்தின் கண்ணாடியைக் கழற்றித் தந்தார். மீன் மணக்கிற கையால் பென்சிலைப் பிடித்து, அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிலுவைக் குறி போட்டேன்.

வலையை விடுதியின் முன் மணலிலேயே விரித்துக் கிழிசலை இரண்டு நாள் பொத்தினார்கள். மனேஜர் தந்த லீவில் நானும் இருந்து ஊசி பிடித்தேன். என் முடிச்சுகளை அத்தான் அவிழ்த்து அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். மூன்றாம் நாள் வலை பழைய இடத்துக்கே வந்தது. மனேஜர் என்னை இன்னொரு அறிவித்தல் எழுதச் சொன்னார், இந்த முறை விருந்தினருக்கு: காலையில் வலை வரும், விரும்பியவர் கயிறு பிடிக்கலாம், பிடித்தவருக்கு மீன் உண்டு. வேலையும் நிரந்தரமாகிவிட்டது. பலகைத் துரை போகும்போது, மாரிகாலத்தில் அலை அடிக்கும், அப்போது வாருங்கள் என்றேன். அலை இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்லிப் போனார்.

அந்தப் படம் இன்றும் அதே சுவரில்தான் தொங்குகிறது. அச்சடித்த எதை வாசித்தாலும், நான் முதலில் நம்புகிறேன். பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு, அந்த இடத்துக் கல்லைத் தெரிந்தவரிடம் போய்க் கேட்கிறேன்.