நீலத்துக்குக் கீழே

லாஸ்பேட்டைக் கல்லூரியின் எலி அறையில் கூண்டு கழுவுவதும் தீனி வைப்பதும் இலை அரைப்பதும் தனக்கொடியின் வேலை. 1983இல் அங்கே சிறுகுறிஞ்சான் இலையைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஊசி போட்டுச் சர்க்கரை நோய் வரவழைத்த எலிகளில் பாதிக்கு இலைச்சாறு, மீதிக்கு வெறும் தண்ணீர். சாறு குடித்தவை தேறி வருவதைத் தனக்கொடி கண்ணாலேயே பார்த்தாள்.

வீட்டில் அவள் கணவன் கலியமூர்த்திக்குக் கால் கட்டைவிரலில் ஆறாத புண். சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லி, டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்.

"இது எலிக்குத்தான்க்கா. மனுஷனுக்கு எவ்ளோன்னு எங்களுக்கே தெரியாது" என்று ஆராய்ச்சி மாணவி வசந்தா முன்பே சொல்லியிருந்தாள். அது தெரிந்தும் தனக்கொடி ஒரு பிடி இலையை மடியில் கட்டிக்கொண்டு உப்பளத்தில் இருந்த வீட்டுக்கு வந்தாள்.

"என்னாடி இப்பிடிக் கசக்குது? ஒன் எலிங்களுக்கும் இதத்தான் ஊத்துறியா?"

"அதுங்க ஒன்னாட்டம் மூஞ்சி சுளிக்கல. குடி."

அன்றிலிருந்து தினமும் ஒரு பிடி இலை வந்தது. இலை மருந்து என்றால் பத்தியம் உண்டு. உப்பில்லாத கஞ்சி, அதுவும் கையளவு. டாக்டர் மாத்திரையையும் அவள் நிறுத்தவில்லை. இரண்டும் சேர்ந்தால் சீக்கிரம் கேட்கும் என்று நினைத்தாள். காலையில் மருந்துக்கடை நீலக் கரைசலில் அவன் சிறுநீரைச் சொட்டுவிட்டு அடுப்பில் காட்டுவாள். செங்கல் நிறம் வந்தால் சர்க்கரை அதிகம், நீலம் மாறாவிட்டால் சர்க்கரை இல்லை. செங்கல் நிறமாக மாறிக்கொண்டிருந்தது மஞ்சளானது, பிறகு பச்சையானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீலம் நீலமாகவே நின்றது. கண்ணாடிக் குழாயைப் பக்கத்து வீட்டு மணியம்மாளிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

அன்று மத்தியானம் சாறு குடித்ததும் கலியமூர்த்திக்கு வேர்த்துக் கொட்டியது. நோய் வெளியேறுகிறது என்று முந்தானையால் துடைத்துவிட்டாள். மணியம்மாள் நன்னாரி சர்பத் கொண்டுவந்தாள்.

"வேணாங்க்கா. பத்தியம் கெட்டுடும்."

"ஆளு வெளுத்துக் கெடக்கறான், பத்தியமாம் பத்தியம்!" என்று மணியம்மாள் தம்ளரை வைத்துவிட்டுப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் அவன் தனக்கொடியை ஆள் தெரியாமல் பார்த்து "யம்மா" என்றான். கை வெட்டி வெட்டி இழுத்தது. போன மாதம் சாறு கூடிச் சர்க்கரை அளவுக்குமேல் இறங்கிப்போன ஒரு எலி இப்படித்தான் இழுத்துக்கொண்டு கிடந்தது. வசந்தா ஓடிவந்து அதன் வாயில் குளுக்கோஸைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். சிறுநீரில் சர்க்கரை இல்லை என்பதோடு நீலத்தின் வேலை முடிந்தது. ரத்தத்தில் அது எவ்வளவு கீழே போய்விட்டது என்று காட்ட அதற்கப்புறம் நிறமில்லை.

சர்பத்தை வாயில் ஊற்றினாள். அந்த இலைச்சாறு பட்ட நாக்குக்கு இனிப்புத் தெரியாது. "மண்ணக் கரச்சி ஊத்துறியாடி" என்று துப்பினான். தாடையைப் பிடித்து மறுபடி மறுபடி ஊற்றினாள். கடைசியில் அவன் கண் நிலைக்கு வந்தது.

"ஏண்டி அழுவுற?"

சாயங்காலம் ஆஸ்பத்திரியில், இலை திருடியது உட்பட எல்லாவற்றையும் டாக்டரிடம் சொன்னாள். இலையை நிறுத்தச் சொன்னார்.

"புண்ணு காஞ்சிக்கிட்டு வருது டாக்டர். நிறுத்திட்டா வெரலுக்கு யாரு ஜவாப்பு?" என்றான் கலியமூர்த்தி. டாக்டர் விரலில் இருந்த கட்டைப் பிரித்துப் பார்த்து, திரும்பக் கட்டினார்.

அதற்கப்புறம் அவள் இலை கொண்டுவரவில்லை. வயிறாரச் சோறு போட்டாள். நான்கு நாள் கழித்துக் கரைசலைக் காய்ச்சியபோது பச்சை வந்தது. முன்பு நீலம் வரவேண்டுமென்று வேண்டிக்கொண்டவள், பச்சையைப் பார்த்ததும் நிம்மதியாக மூச்சு விட்டாள். பிறகுதான், சர்க்கரை திரும்ப ஏறினால் போய்விடக்கூடிய விரல் நினைவுக்கு வந்தது. அன்று கட்டுப் பிரிக்க வேண்டிய நாள். வெந்நீரை அடுப்பில் வைத்துவிட்டு, அது கொதித்து ஆறும்வரை, புண்ணைப் பார்க்கப் பயந்து அவள் அவன் பக்கம் போகவில்லை.