மாடம்பாக்கம் ஏரியில் ஒரு தேக்குப் படகு

தாம்பரத்துக்கு ரயில் வரும், தலைக்கு மேல் விமானம் போகும். படகு வந்து யாரும் பார்த்ததில்லை. அறுபதுகளின் கடைசியில் ஒரு நாள் அதுவும் வந்தது. லாரி எங்கள் சந்துக்குள் நுழையாததால், மெயின் ரோட்டில் இறக்கி மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும் என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். அது என் வீட்டுக் கொல்லைக்கே வந்து இறங்கும் என்று கனவா கண்டேன்?

கொண்டுவந்தவர் என் அண்ணன். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். கண்ணில் அழுத்தம் கூடி, பக்கப் பார்வை போய்விட்டது. குழாய் வழியாகப் பார்ப்பது போல நேர் எதிரே இருப்பது மட்டும் தெரியும். அதுவும் கொஞ்ச காலம்தான் என்று கண்ணாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர், வேறு எங்கே போவார்? எங்களோடு வந்துவிட்டார். வேலையை விட்டபோது என்ன பரிசு வேண்டும் என்று ஆபீசில் கேட்டிருக்கிறார்கள். கைக்கடிகாரம் வேண்டாம், கோடவுனில் கவிழ்ந்து கிடக்கிற படகைக் கொடுங்கள் என்றாராம்.

வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் பந்தயத்துக்கென்று கட்டிய பாய்மரப் படகு அது. முழுக்கத் தேக்கு. கூரைக்கு ஓடு வேய்வது போலப் பலகைமேல் பலகையாக அடுக்கி, செப்பு ஆணி அடித்திருந்தார்கள். அதே மாதிரி கட்டிய மற்றவை எல்லாம் விறகாகிவிட்டன, மிஞ்சியது இது ஒன்றுதான் என்பார் அண்ணன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தண்ணீர் இறைத்து ஊற்றுவதற்காக அதில் அவரை ஏற்றிக்கொண்டு போவார்களாம். சுக்கானைத் தொட விட்டதில்லை. நாடு சுதந்திரம் அடைந்த பிறகு படகைத் தேடுவார் இல்லை. கோழிகள் அதன் அடியில் முட்டையிட்டுக்கொண்டிருந்தன.

"பார்வை இருக்கறப்பவே ஒரு தடவை இத நான் ஓட்டணும்" என்றார் அண்ணன். துணி காயப்போடும் இடம் போனதே என்று மட்டும் முனகினேன்.

என் வீட்டுக்காரர் ரயில்வே குமாஸ்தா. ஆணிக்கும் திருகாணிக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷர், மச்சானோடு சேர்ந்து முழுத் தச்சராகிவிட்டார். உளுத்த பலகைகளைக் கழற்றினார்கள், புதுத் தேக்கு வாங்கி இழைத்தார்கள். இழைக்கிற பலகை நேர் எதிரே இருப்பதால் அண்ணனுக்குச் சிரமம் இல்லை. எழுந்து நடந்தால்தான் நிலைப்படியில் இடித்துக்கொள்வார். ஒவ்வொரு இடிக்கும் எனக்கு நெஞ்சு பதறும். பதறினதைக் காட்டாமல் "பாத்து வரக்கூடாதா?" என்று சிடுசிடுப்பேன்.

எங்கள் கிறிஸ்தவ ஆட்கள் சைக்கிள் வாங்கினால்கூட சபைப் போதகர் ஐயரை அழைத்து ஜெபம் பண்ணாமல் ஏற மாட்டார்கள். படகுக்குக் கேட்க வேண்டுமா? ஈஸ்டர் கழிந்த சனிக்கிழமை என்று என் வீட்டுக்காரர் சபை முழுக்கச் சொல்லிவிட்டார். அந்த வெயிலில் மரம் சுருங்கி, பலகைகளுக்கு இடையில் வெளிச்சம் தெரிந்தது.

"தண்ணில ஊறுனா தானா மூடிக்கும், விட்ருங்க மாப்பிள்ளை" என்றார் அண்ணன்.

"ஐயர் வந்து நிக்கிறப்ப இப்படிப் பல்ல இளிச்சுக்கிட்டா இருக்கிறது? சபைக்கு முன்னால மானம் போயிடும் மச்சான்!"

சபைக்கு முன்னால் மானம்! இந்த ஒரு வார்த்தைக்கு எங்கள் ஜனத்தில் மறுபேச்சே கிடையாது. அண்ணனும் விட்டுக்கொடுத்துவிட்டார். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு இடுக்கிலும் பஞ்சைத் திணித்து, குங்கிலியம் காய்ச்சி ஊற்றி இறுக்கி அடைத்தார். ஜெபத்துக்கு வந்தவர்கள் தடவிப் பார்த்து மெச்சினார்கள். வண்டியில் ஏற்றி மாடம்பாக்கம் ஏரிக்குக் கொண்டுபோய் இறக்கினோம். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. அன்றைக்கே ஓட்டிப் பார்க்க அண்ணன் துடித்தார். வந்தவர்களுக்கு இலை போட்டாகிவிட்டது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

மறுநாள் ஆராதனை முடிந்து போனால் படகு தரைதட்டிக் கிடந்தது. ஊறிய பலகைகள் உப்புவதற்கு இடமில்லாமல் ஒன்றையொன்று நெம்பி, ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டு வெடித்திருந்தன. என் வீட்டுக்காரர் கரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அண்ணன்தான் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

"மொதல்லேருந்து செய்வோம் மாப்பிள்ளை" என்றார்.

அந்த வாரம் துக்கம் விசாரிக்க வந்த சபைக்கார அம்மாள், "இனிமே செஞ்சு என்ன, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?" என்றாள். பழமொழி சொல்ல வந்த இடத்தைப் பார்! அவளுக்கு நான் காபி கொடுக்கவில்லை. இன்றைக்கு வந்தாலும் கொடுக்க மாட்டேன்.

செய்தார்கள். மறு கோடைக்குள் அண்ணனின் பார்வைக் குழாயும் மூடிவிட்டது. வெளிச்சம், நிழல், அவ்வளவுதான். கடைசிப் பலகைகளை விரல் நுனியால் தடவித்தான் பொருத்தினார். இந்த முறை பஞ்சும் இல்லை, குங்கிலியமும் இல்லை. ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியதும், ஐயருக்குக்கூடச் சொல்லாமல் கொண்டுபோய், கரையோரம் வேண்டுமென்றே மூழ்கடித்தார்கள்.

"இன்னா சார், ஓட்டப் படக தண்ணில முக்கிகினு கீறீங்க?" என்று மாடு கழுவ வந்தவர் சிரித்தார்.

"ஊறட்டும்னுதான்" என்றார் அண்ணன், கோபமே இல்லாமல்.

சில நாள் கழித்து நீரை இறைத்தபோது பலகைகள் தாமாக மூடியிருந்தன. படகு மிதந்தது.

பாயின் கயிற்றை என் வீட்டுக்காரர் பிடிக்க வேண்டும், சுக்கான் அண்ணனுக்கு. வழி சொல்ல ஆள் வேண்டுமே? இடதா வலதா என்பதில் என் வீட்டுக்காரருக்கு எப்போதும் குழப்பம். அண்ணன் என்னைக் கூப்பிட்டார். எனக்குத் தண்ணீர் என்றால் உயிர் போகும். ஆனாலும் ஏறி, அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாடைக்காற்று பாயை நிரப்பியது. "வலது பக்கம் புல்லு... இப்ப நேரா... இடது பக்கம் கல்லுண்ணே, கல்லு!" என்று கத்திக்கொண்டே போனேன். நான் சொல்லச் சொல்ல அவர் திருப்பினார். நடு ஏரிக்கு வந்துவிட்டோம்.

"கரை எவ்ளோ தூரம்?" என்றார்.

கரைப் பனைமரங்கள் சின்னதாகத் தெரிந்தன. பயத்தில், "கிட்ட வந்தாச்சு" என்றேன்.

"பொய் சொல்லாத. துணி தோய்க்கிற சத்தம் இன்னும் தூரத்துல கேக்குது." சிரித்தார். "பயமா இருந்தா சொல்லு, கரைக்குப் போயிடலாம்."

அவர் முகத்தைப் பார்த்தேன். வீட்டில் ஒவ்வொரு அடியையும் பயந்து பயந்து வைக்கிற மனுஷர், காற்று வரும் பக்கம் தலையைத் திருப்பி, எதுவும் தன்மேல் இடிக்காது என்கிற தைரியத்தில் உட்கார்ந்திருந்தார். இந்த முகத்தை நான் பார்த்து எத்தனை காலமாயிற்று! கரையேறினால் போதும் என்று இருந்தவளுக்கு, கரை வரவே கூடாது என்று ஆகிவிட்டது.

"இன்னொரு சுத்து போலாம்ணே" என்றேன்.