மல்லித்தண்ணியில் கலந்த பொய்

அந்த எவர்சில்வர் பேணியின் விளிம்பில் சின்னதாக ஒரு நெளிவு இருக்கும். அக்கா அதில்தான் காலையில் மல்லித்தண்ணி குடிப்பார். கொத்தமல்லியும் வேர்க்கொம்பு என்கிற சுக்கும் போட்டு அவித்தது, கூடவே ஒரு கடி பனங்கட்டி. அன்றும் பேணியை நீட்டினேன். ஒரு மிடறு குடித்தவர் அதை மேசையில் வைத்து, வாயை உள்ளங்கையால் மூடினார்.

"உது மல்லித்தண்ணி இல்லை."

அவர் சொன்னது சரி. அக்காவுக்கு அல்ஸைமர் என்று தெரிந்து சில மாதங்களாகியிருந்தன. மூளைக் கலங்கள் சர்க்கரையை எரித்துச் சக்தி எடுக்கத் திணறுகின்றன என்று டொக்டர் விளக்கியிருந்தார். விறகு இருக்கிறது, அடுப்புத்தான் பிடிக்கவில்லை என்று நான் விளங்கிக்கொண்டேன். சில சீன மூலிகைகள் அந்த அடுப்பை மூட்டக்கூடும் என்று போனில் எதையோ வாசித்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எங்கள் ஸ்காபரோவின் அஜின்கோர்ட் பகுதியில் ஒரு சீன மருந்துக்கடைக்கு ஓடினேன். கடைக்காரம்மா வேர்களை நிறுத்துப் பொதி கட்டுமுன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: அக்கா வேறு மருந்து எடுக்கிறாரா? இரத்தம் உறையாமல் இருக்க அக்கா தினமும் குளிசை போடுகிறார். சொன்னால் தரமாட்டாரோ என்று பயந்து, இல்லை என்றேன்.

பொதியை எப்படி அவிப்பது என்றும் அவர் சொல்லித்தான் விட்டார். நான் கேட்டால்தானே! எங்கள் வீட்டுச் சட்டப்படி மருந்துக் குடிநீர் என்றால் எட்டிலொன்றாக வற்ற வேண்டும். மல்லியோடு சேர்த்து வற்றக் காய்ச்சினேன். மூன்று நாள் அக்கா ஏமாந்தார். நான்காம் நாள் பேராசையில் இரண்டு பொதியைப் போட்டேன், பிடிபட்டேன்.

"எனக்கு மறதிதான். நாக்குக்கு மறதியில்லை. ஒளிச்சுத் தர நான் என்ன பச்சைப்பிள்ளையே?"

"உங்கட நன்மைக்குத்தான் அக்கா..."

"என்ர நன்மையை என்னட்டைக் கேளன்."

டொக்டரிடம் போகவேண்டும் என்று அவரே பிடிவாதமாக நின்றார். மிச்சப் பொதியையும் கைப்பையில் வைத்துக் கொண்டுவந்து மேசையில் போட்டார். டொக்டர் மூலிகைகளைப் பழிக்கவில்லை. அவை மூளையின் சக்தியைக் கூட்டுமா என்று எலிகளில் ஆராய்கிறார்கள், மனிதரில் இன்னும் உறுதியாகவில்லை என்றார். பிறகு என்னைப் பார்த்து, அந்தக் குளிசையோடு இது சேர்ந்தால் உள்ளே இரத்தம் கசியக்கூடும் என்றார். அக்காவைக் காப்பாற்றப் போய்க் கொன்றிருப்பேன்.

அக்கா அழவுமில்லை, என்னைத் திட்டவுமில்லை. வெளியே வரும்போது சொன்னார்:

"எலிக்குக் கேளாமல் குடுக்கலாம், தம்பி. என்னட்டைக் கேக்கவேணும். நாளைக்கு உன்ர பேரை மறந்தாலும் கேக்கவேணும்."

ஓம், கேட்கிறேன் என்றேன். அப்போதைக்குச் சொன்ன ஓம்தான். மறதி வருத்தம் முற்றினால் எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது என்று உள்ளுக்குள் நினைத்தேன்.

இப்போது அக்காவுக்கு என் பெயர் தெரியாது. தான் இருப்பது ஸ்காபரோவில் என்பதும் தெரியாது. இன்று காலை வேலைக்குப் போகும் அவசரத்தில், ஒன்றும் பேசாமல் அதே நெளிந்த பேணியை அவர் வாயருகே கொண்டுபோனேன். உள்ளங்கை வந்து பேணியை மூடியது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கதிரையை இழுத்துப் போட்டு முன்னால் இருந்தேன்.

"அக்கா, மல்லித்தண்ணி. வேறை ஒண்டும் கலக்கேல்லை. தரட்டே?"

என் முகத்தைக் கனநேரம் பார்த்தார். பிறகு கையை எடுத்தார்.